கடைக்கு வந்த சிலுவை

(பொன்னமராவதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய சிலுவைகளைப் பற்றிப் பேசுவதற்குப் பொன்னமராவதியைவிடப் பொருத்தமான ஊர்கள் இருக்கின்றனவே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேளாங்கண்ணி இருக்கிறது, தரங்கம்பாடி இருக்கிறது, ஓரியூர் இருக்கிறது. ஆனால் சிலுவை பிறந்த இடத்தைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. அது வந்து சேரும் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம்மைச் சுற்றி மேலைச்சிவபுரி, வலையபட்டி, குழிபிறை என்று நகரத்தார் ஊர்கள். அங்கே ஒரு பெரிய வீடு பங்கு பிரிந்து இடிபட்டால், தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் எல்லாம் வண்டியேறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகின்றன. அந்தத் தெருப் பழம்பொருள் கடைகளுக்குச் செட்டிநாட்டுச் சாமான் மட்டும் வருவதில்லை. ஒரு வியாபாரியிடமிருந்து இன்னொரு வியாபாரி, அவரிடமிருந்து வேறொருவர் என்று கேரளத்திலிருந்தும் கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பொருள் கைமாறிக்கொண்டே வரும். அப்படி வருகிறவற்றில் சிலுவையும் உண்டு. பித்தளைச் சிலுவை, மரச் சிலுவை, வெள்ளிச் சிலுவை, எலும்பிலும் தந்தத்திலும் செய்தவை, சுவரில் மாட்டுவது, கழுத்தில் போடுவது எல்லாம் உண்டு.

அவற்றை வாங்குகிறவர்கள் பலவிதம். வீட்டு ஜெபத்துக்கென்று வாங்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அழகுக்காக வாங்கும் விடுதிக்காரர்கள் உண்டு. சேகரிப்பவர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி: "இது எத்தனை வருஷப் பழசு? என்ன விலை பெறும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சிலுவை என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது? இதற்கு விடை கிடைத்தால் வயதும் விலையும் பாதி தெரிந்தமாதிரிதான். இதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கேட்டால், கடைக்காரர் சொல்லும் கதையைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குவோம்.

சிலுவைகளில் சும்மா செய்யப்பட்டது எதுவும் கிடையாது. கழுத்துச் சிலுவைக்கு மேலே வளையம் இருக்கும், முதுகுப் பக்கம் நெஞ்சில் உரசி வழவழப்பாகி இருக்கும். செபமாலைச் சிலுவை விரல்கள் பிடித்த முனைகளில் தேயும். சுவர்ச் சிலுவையின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதால், ஆசாரி அதை அரம் போட்ட கரடாகவே விட்டிருப்பார். பீடத்தில் நிற்கும் சிலுவையின் அடியில் பொருத்துவதற்கு ஒரு முளை இருக்கும், அல்லது முளை ஒடிந்த தடம் இருக்கும். பவனியில் தூக்கிப் போகும் சிலுவையின் அடியில் கம்பைச் செருகக் குழல் இருக்கும். சவப்பெட்டி மூடியில் அடிப்பதற்கென்றே மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த சிலுவைகளும் உண்டு. அவற்றில் ஆணித் துளைகள் முன்புறமாகவே இருக்கும். பழம்பொருள் கடையில் இவை அத்தனையும் ஒரே கம்பியில் தொங்கும், கேட்டால் எல்லாம் "சர்ச் சிலுவை" என்பார்கள்.

இதோ, என் கையில் இருக்கும் இந்தப் பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். ஒரு சாண் உயரம். மரத்தின்மேல் பித்தளை விளிம்பு, நடுவில் வார்த்த யேசு உருவம். இதை விற்றவர் "போர்ச்சுகீஸ் காலம், முந்நூறு வருஷம்" என்றார். முதலில் வளையத்தைப் பாருங்கள். துளை வட்டமாக இல்லை. மேல்பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. அப்படியென்றால் இது பல காலம் ஆணியிலோ கயிற்றிலோ தொங்கியிருக்கிறது. அடுத்து முகம். மூக்கும் முள்முடியும் கூர்மையாக அப்படியே இருக்கின்றன. பாதங்களைப் பாருங்கள், விரல் எது ஆணி எது என்று தெரியாத அளவுக்கு மழுங்கியிருக்கின்றன. முகம் தேயாமல் பாதம் மட்டும் எப்படித் தேயும்? கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரிசையில் வந்து பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்வார்கள், ஒவ்வொருவர் முத்தி செய்தபிறகும் துணியால் துடைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் ஊர் முழுவதும் முத்தி செய்ததோ, ஒரு வீட்டில் தினமும் இரவு ஜெபத்தில் முத்தி செய்ததோ, இரண்டில் ஒன்றுதான் இந்தத் தேய்மானம். அரத்தால் இதைக் கொண்டுவர முடியாது. அரம் கோடு போடும், உதடும் துணியும் கோடு போடாது.

சரி, முந்நூறு வருஷமா? இப்போது திருப்புங்கள். சிலுவையின் இரு கட்டைகளும் சேரும் இடத்தில் காசு அளவில் ஒரு பதக்கம் பதித்திருக்கிறது. அது புனித பெனடிக்ட் பதக்கம். அதில் ஓரமாக, பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கக்கூடிய அளவில், அவர் நிறுவிய மோந்தே கசினோ மடத்தின் பெயரும் ரோமன் எண்களில் 1880 என்ற ஆண்டும் இருக்கின்றன. 480-இல் பிறந்ததாகக் கொள்ளப்படும் பெனடிக்டின் 1,400-ஆம் பிறந்த ஆண்டுக்காக அந்த மடம் வெளியிட்ட வடிவம் அது. ஆகவே இந்தச் சிலுவை 1880-க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. அதன் பிறகு எந்த ஆண்டும் ஆகலாம், ஏனென்றால் அதே வடிவத்தை இன்றும் வார்க்கிறார்கள். பின்பக்கத் திருகாணியின் தலையில் ஒற்றைக் கீறல்தான் இருக்கிறது. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகாணி 1930-களில் வந்தது. அது இருந்திருந்தால் வயதை இன்னும் கீழே இறக்கியிருப்பேன், அல்லது யாரோ பிற்காலத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். ஆக, இது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ ஐரோப்பியத் தொழிற்சாலையில் செய்து, நம் நாட்டில் நீண்ட நாள் வழிபாட்டில் இருந்த சிலுவை என்பதே என் முடிவு. முந்நூறு போய் நூற்றுச் சொச்சம் ஆகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். இந்தப் பாதங்களின் தேய்மானத்துக்கு வயதைக் கூட்டிச் சொல்லித்தான் மதிப்பு வர வேண்டும் என்றில்லை.

ஆண்டைக் கணிக்க இப்படிப் பல பிடிகள் இருக்கின்றன. சிலுவையில் லூர்து என்ற சொல் இருந்தால் அது 1858-க்குப் பிந்தியது, அங்கே மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது அந்த ஆண்டில்தான். அற்புதப் பதக்கம் என்று நாம் சொல்லும் மாதா பதக்கம் பதித்திருந்தால் 1832-க்குப் பிந்தியது. இத்தாலி, ஃபிரான்ஸ், ஜெர்மனி என்று நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் அச்சுப் போல் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. மின்முலாம் 1840-இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் காப்புரிமை பெற்றபின் பரவியது. எனவே பித்தளைமேல் ஒரே சீராக மெல்லிய வெள்ளி முலாம் இருந்து, முனைகளில் பித்தளை எட்டிப் பார்த்தால், அது அதற்குப் பிந்திய வேலை. வெள்ளியில் முத்திரை இருந்தால் இன்னும் எளிது. 800 என்ற எண்ணுடன் பிறையும் கிரீடமும் இருந்தால் ஜெர்மனி, 1888-க்குப் பின். 84 என்றிருந்தால் ரஷ்யா, அது ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி. நடக்கும் சிங்கம் இங்கிலாந்து. முத்திரையே இல்லாத வெள்ளிச் சிலுவைகள்தாம் நம் பக்கத்தில் அதிகம். நம் ஊர்ப் பத்தர்கள் முத்திரை குத்தியது கிடையாது. அதனால் முத்திரை இல்லை என்பது போலி என்பதற்குச் சாட்சி ஆகாது.

சிலுவையின் உச்சியில் சிறு பலகையில் இருக்கும் ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு எழுத்தைப் பார்த்ததும் பெரும் பழமை என்று பலர் நினைக்கிறார்கள். நாசரேத்தூர் யேசு, யூதர்களின் அரசர் என்பதன் லத்தீன் சுருக்கம் அது. நேற்றுச் செய்த பிளாஸ்டிக் சிலுவையிலும் அது உண்டு. காலடியில் இருக்கும் மண்டையோடும் அப்படியே. அது ஆதாமின் மண்டையோடு, கல்வாரி மலையின் அடையாளம். சிலர் அதைப் பேய்ச் சின்னம் என்று பயந்து, கடையில் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. பாதத்தில் ஓர் ஆணியா இரண்டு ஆணியா என்று பார்ப்பது அவற்றைவிடப் பயன் தரும். மேற்கத்திய மரபில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இரு பாதமும் சேர்த்து ஓர் ஆணி என்பது வழக்கமாயிற்று. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபில் பாதத்துக்கு ஓர் ஆணி, ஆக மொத்தம் நான்கு.

ஆர்த்தடாக்ஸ் சிலுவையும் நம் பக்கம் வருமா என்று கேட்கலாம். வரும். ரஷ்யாவின் பழைய விசுவாசிகள் என்ற பிரிவினர் 17-ஆம் நூற்றாண்டில் தாய்ச்சபையிலிருந்து பிரிந்தவர்கள். அவர்கள் வார்த்த பித்தளைச் சிலுவைகள் உலகப் பழம்பொருள் சந்தை முழுவதும் பரவிக் கிடக்கின்றன. குறுக்கே மூன்று கட்டை, கீழ்க் கட்டை சாய்ந்திருக்கும், பள்ளங்களில் நீலமோ வெள்ளையோ எனாமல். எத்தியோப்பியாவின் சிலுவைகளும் அப்படித்தான் பரவியவை. அவை பின்னிய பாய் போன்ற வேலைப்பாடு உடையவை, மெழுகு வார்ப்பில் செய்தவை. அங்கே வெள்ளிக்கு ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் நாணயத்தை உருக்குவது வழக்கம். அந்த நாணயத்தில் எப்போது அடித்தாலும் 1780 என்றே பொறிப்பார்கள். எடை 28 கிராம் சொச்சம், அதில் தூய வெள்ளி 23 கிராமுக்குச் சற்று மேல். சில கழுத்துச் சிலுவைகளை நாணயத்தை உருக்காமல் அப்படியே வெட்டிச் செய்திருப்பார்கள். அவற்றில் அரசியின் முகத்தின் ஒரு பகுதியோ எழுத்தோ தெரியும். அந்த 1780-ஐச் சிலுவையின் ஆண்டு என்று சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள்.

பெத்லகேமில் ஒலிவ மரத்தின்மேல் முத்துச்சிப்பி ஒட்டிச் செய்யும் சிலுவைகள் புனித பூமிப் பயணம் போனவர்கள் கொண்டுவந்த நினைவுப் பொருள்கள். வியட்நாமில் கரிய மரத்தில் முத்துச்சிப்பியைக் குடைந்து பதிப்பார்கள். இரண்டும் பார்வைக்கு நெருங்கியவை, ஆனால் ஒட்டுவதும் பதிப்பதும் வேறு வேறு. சைகோனில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரின் ஊர்கள் நமக்குப் பக்கத்தில் இருப்பதால், வியட்நாம் சிலுவை ஒன்று இங்கே கிடைத்தால் உடனே ஒரு கதை கட்டத் தோன்றும். அது கிடைத்த வீட்டுப் பெட்டகத்தில் சைகோன் விலாசமிட்ட கடிதமோ பழைய ஏடோ கூடவே கிடைக்காதவரை அது வெறும் ஊகம். ஊகத்தை ஊகம் என்று எழுதி வையுங்கள், அதில் தவறில்லை.

இனி நம் மண்ணின் சிலுவைகளுக்கு வருகிறேன். இங்கேதான் கடைக் கதைகள் அதிகம். "தாமஸ் காலத்துச் சிலுவை" என்று யேசுவின் சீடர் தாமஸின் காலத்தைச் சொல்லும் பேச்சை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். தாமஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுகீசியர் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை எப்படி இருக்கிறது? அதில் யேசுவின் உருவம் கிடையாது. நான்கு முனைகளும் மொட்டுப் போல் விரிந்திருக்கின்றன. அடியிலிருந்து இலைகள் இருபுறமும் எழுகின்றன. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. கேரளத்தின் கோட்டயம் வலியபள்ளியிலும் முட்டுச்சிறையிலும் இதே குடும்பத்துச் சிலுவைகள் இருக்கின்றன. இலங்கையில் 1912-இல் அனுராதபுர அகழாய்வில் கிடைத்த சிலுவையும் இவற்றுக்கு உறவு. அதுவும் இலை எழும் அடியும் விரிந்த முனைகளும் கொண்டது, அதிலும் உருவம் இல்லை. இவை எல்லாம் கல்லில் செதுக்கியவை. ஆகவே பித்தளையில், யேசு உருவத்தோடு, ஐ.என்.ஆர்.ஐ. எழுத்தோடு இருக்கும் சிலுவையைத் தாமஸ் காலம் என்று யார் சொன்னாலும் அவர் பரங்கிமலைக்குப் போனதில்லை என்று பொருள். மாறாக, பழைய பாரசீகச் சிலுவையின் வடிவத்தைப் பார்த்து இன்று செய்யும் பித்தளை, மரச் சிலுவைகள் கேரளத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் புதுசு என்று தெரிந்தே வாங்கினால் நல்ல பொருள்தான்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு மரபு இருக்கிறது. புதுக்கோட்டையின் வடமேற்கே ஆவூர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனான்சியுஸ் புஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு அங்கே கோயில் அமைத்தார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார். இப்போதுள்ள கோயில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஈஸ்டரையொட்டிப் பாஸ்கு நாடகமும் தேரும் இன்றும் உண்டு. 1606-இல் இயேசு சபைக் குரு தெ நோபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டதுவரை, இந்த உள்நாட்டுப் பணித்தளங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருக்க முடியாது. உள்ளூர்க் கம்மாளரின் கை அதில் பட்டே இருக்கும். சிலுவையின் அடியில் தாமரைப் பீடம், யேசுவின் இடைத்துணியில் நம் வேட்டிக் கொசுவம் போன்ற மடிப்பு, நம் விக்கிரகத்தின் கண்ணமைப்பு, இவை இருந்தால் நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். ஐரோப்பியத் தொழிற்சாலைச் சிலுவை ஆயிரக்கணக்கில் வார்த்தது. இது ஓர் ஆசாரி, தான் பார்த்திராத ஒரு முகத்தைத் தனக்குத் தெரிந்த கலையில் சொல்லிப் பார்த்தது. விலைப்பட்டியல்களில் வெளிநாட்டுச் சிலுவைக்கு மேல் இதை வைப்பவர்கள் குறைவு. என் கணக்கில் இதுவே மேல்.

தரங்கம்பாடியைச் சொல்லாமல் விட்டால் சீர்திருத்தச் சபையார் கோபித்துக்கொள்வார்கள். 1706-இல் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியதிலிருந்து வளர்ந்த லுத்தரன் மரபிலும், பின்னர் தென்னிந்தியத் திருச்சபை ஆன மரபுகளிலும் உருவம் இல்லாத வெறும் சிலுவையே அதிகம் பார்க்கிறோம். உருவம் இல்லாத சிலுவையில் உருவம் ஒருகாலத்தில் இருந்து கழன்றதா என்று சோதிக்க வேண்டும். மூன்று ஆணித் துளைகளும், உருவத்தின் நிழல் போல் வெளிர் தடமும் இருந்தால் அது உருவத்தை இழந்த கத்தோலிக்கச் சிலுவை. அதைக் குறையுள்ள பொருள் என்றே விலை பேச வேண்டும்.

தந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பணமும் சிறையும் அருகருகே இருக்கின்றன. கோவாவில் போர்ச்சுகீசியர் ஆட்சியில் உள்ளூர்ச் சிற்பிகள் செதுக்கிய 17-ஆம் நூற்றாண்டுத் தந்த யேசு உருவங்கள் உலகப் புகழ் பெற்றவை. பழைய கோவாவின் சாந்தா மோனிக்கா மடத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தில் அந்த மரபின் வேலையைப் பார்க்கலாம். தலைமுடி இழை இழையாக, விலா எலும்பு வரி வரியாக, கண் பாதி மூடி இருக்கும். உடல் ஒரே தந்தத்தில், கைகள் தனியாகச் செதுக்கித் தோளில் பொருத்தியவை, ஏனென்றால் விரித்த கைகளின் அகலம் ஒரு கொம்பில் கிடைக்காது. யானைத் தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் அந்தக் கோடுகள் இருக்காது. ரத்தக் குழாய் ஓடிய சிறு துளைகள் கரும்புள்ளிகளாக, நீளவாட்டில் கீற்றுகளாகத் தெரியும். செல்லுலாய்டு போலியில் கோடுகள் இணையாக, ஒழுங்காக ஓடும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு தீப்பிடிக்கும், தந்தம் என்றால் நிரந்தரத் தழும்பு விழும்.

அது தந்தம்தான் என்று தெரிந்துவிட்டால்? வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986-இல் தடையானது. ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-இல் தடை வந்தது. எத்தனை பழசு, எவ்வளவு புனிதம் என்பதைச் சட்டம் பார்க்காது. கடையில் "எலும்பு" என்று பில் போட்டுத் தந்தத்தைத் தருகிறவர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பித்தளை என்று காட்ட மண்ணில் புதைப்பார்கள், நவச்சாரம் தடவுவார்கள், புகையில் காட்டுவார்கள். அப்படி வந்த பச்சைக் களிம்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிந்திருக்கும், ஈரப் பஞ்சால் துடைத்தாலே வந்துவிடும். நிஜமான பழசில் மேடு பளபளக்கும், பள்ளம் கறுத்திருக்கும். பழைய சிலுவை ஒன்றிலிருந்தே அச்செடுத்து வார்ப்பதும் உண்டு. உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு சுருங்கும், அதனால் நகல் அசலைவிடச் சிறியதாக இருக்கும். எழுத்தின் விளிம்பும் கண்ணிமையும் மங்கியிருக்கும். இந்த மங்கலைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேய்மானம் மேட்டில் மட்டும் இருக்கும். நகலின் மங்கல் யாருடைய விரலும் நுழைய முடியாத அக்குளிலும் இருக்கும்.

இப்போது விலை. நான் ரூபாய்க் கணக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. இன்று சொன்னால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். வழியைச் சொல்கிறேன். வெள்ளியோ தங்கமோ என்றால் உலோக மதிப்பு அடித்தளம், அதற்குக் கீழே போகாது. தரத்தை அறிய உரைகல்லில் உரசுவதைவிட, நகை மதிப்பீட்டு மையத்தில் எக்ஸ்ரே கருவியில் காட்டுவது நல்லது, பொருளில் கீறல் விழாது. உலோகத்துக்கு மேலே போகும் மதிப்பை வேலைப்பாடு, அரிதா இல்லையா, முழுமையாக இருக்கிறதா, எங்கிருந்து வந்தது என்பவை தீர்மானிக்கின்றன. ஒப்பிடும்போது ஏல நிறுவனங்களில் உண்மையில் விற்ற விலையை ஒப்பிடுங்கள். இணையத்தில் கேட்கும் விலை வெறும் ஆசை. விற்ற விலையிலும் வாங்குபவர் தரும் ஏலக் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சிலுவைக்குக் காப்பீட்டு மதிப்பு ஒன்று, கடையில் நாம் வாங்கும் விலை ஒன்று, அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் விலை ஒன்று. மூன்றும் வேறு. வியாபாரிக்கு வாடகை உண்டு, வருஷக்கணக்கில் முடங்கிய பணம் உண்டு. அவர் பாதி விலைக்குக் கேட்டால் அதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று காட்ட இரண்டு செய்திகள் சொல்கிறேன். இலங்கைக்கு 1847-இல் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் இடுப்புக் கச்சையில் ஒரு பெரிய சிலுவை செருகியிருப்பார்கள். ஒருவர் இறந்தபின் அவருடைய சிலுவை இன்னொரு குருவுக்குப் போவது அந்தச் சபை வழக்கம். அப்படிப்பட்ட சிலுவை கடைக்கு வந்தால் அதில் பொறித்த பெயர்கள்தாம் அதன் உயிர். யாராவது பாலிஷ் போட்டு அந்தப் பெயர்களை அழித்துவிட்டால் மிஞ்சுவது மரமும் பித்தளையும்தான். இரண்டாவது, சிலுவை இல்லை, புத்தகம். தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருந்து 2005-இல் காணாமல் போயிற்று. அது லண்டனில் இருப்பதாக 2022-இல் தமிழகக் காவல்துறையின் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு அறிவித்தது. சரபோஜி மன்னரின் கையெழுத்து அந்தப் பிரதியில் இருந்தது. அச்சடித்த புத்தகத்துக்கே அதன் உடைமையாளரின் ஒரு கோடு அடையாளம் தருகிறது என்றால், கையால் செய்த சிலுவைக்குச் சொல்ல வேண்டுமா?

அதனால் வாங்கும்போதே கேளுங்கள். எந்த ஊர், கோயிலா வீடா, உங்களுக்கு யார் கொடுத்தார்? கடைக்காரர் சொல்வதை அவர் எதிரிலேயே ஒரு அட்டையில் எழுதி, பில்லோடு இணைத்து வையுங்கள். "கோயிலில் இருந்து வந்தது" என்று பெருமையாகச் சொன்னால், கோயில் விற்றதற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். திருட்டுச் சிலுவைக்கு எந்த விலையும் மலிவு இல்லை. உட்புறம் குடைந்து, கண்ணாடிக்கு அடியில் எலும்புத் துணுக்கோ துணியோ வைத்து, அரக்கு முத்திரையிட்ட சிலுவைகளும் வரும். அவை புனிதப் பண்டம் கொண்டவை. முத்திரையை உடைக்காதீர்கள். புனிதப் பண்டங்களை விற்பதைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1190-ஆம் விதி அறவே தடுக்கிறது. அருகிலுள்ள பங்குக் குருவிடம் காட்டி ஆலோசனை கேட்பதே முறை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நம் வீடுகளில் நடப்பதை எண்ணினால் எனக்கு நெஞ்சு பதறும். புளி போட்டு, சாம்பல் போட்டு, பிராசோ போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. சிலுவையின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு, ஓரத்தில் ஒட்டிய மெழுகுத் துளி, தூபப் புகைப் படிவு, இவைதாம் அது வழிபாட்டில் இருந்ததற்குச் சாட்சி. உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். மரத்தில் எண்ணெய் தடவ வேண்டாம். பச்சையாகப் பொடி உதிரும் இடம் இருந்தால் அது அரிப்பு நோய். அதைப் பிற பித்தளைப் பொருள்களிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, அருங்காட்சியக வேதியியலாளரிடம் கேளுங்கள். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910-இலிருந்து நமக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் ஆரம்பிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனி ஆள் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதச் சிறை. நூறு ஆகாத பொருள் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். உலோகச் சிற்ப வேலை உள்ள பழம்பொருளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டுமா என்று பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். தோட்டம் கொத்தும்போது சிலுவை கிடைத்தால் அது வேறு சட்டம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும்.

உங்களில் சிலர் பைகளில் சிலுவை கொண்டுவந்திருப்பதைப் பார்க்கிறேன். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருக்கிறோம், ஒருவர் பின் ஒருவராக வரலாம். முதலில் எங்கே வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லுங்கள், அதை எழுதிக்கொள்கிறேன். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம்.